முடியாவிட்டால் சொலாரிஸுக்குப் போ

சிடியில் எழுதுவதற்கென்றே பிறந்த நிரல் ஒன்று உண்டு. பெயர் சிடிரெக்கார்ட். 2004 வாக்கில் ஒரு லினக்ஸ் கணினியில் அதை ஓடவிட்டால், தகட்டில் ஒரு புள்ளி வைப்பதற்கு முன்பே திரையில் அறிவிப்பு வாசிக்கும். இங்கே ஓடுவது லினக்ஸ் 2.6, 2.5 முதற்கொண்டு வந்த லினக்ஸ்களில் தீராத சிக்கல்கள் இருக்கின்றன; எதிர்பாராத தொல்லை வந்தால் லினக்ஸ் 2.4-ஐயோ சொலாரிஸையோ முயன்று பாருங்கள். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் லேசரைத் தொடும்.

பஸ்ஸில் ஏறிய பயணியிடம் கண்டக்டர், "இந்த ஊர் ரோடு சரியில்லை சார், முடிந்தால் ஜெர்மனிக்குப் போய் அங்கே ஏறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

இந்தப் புத்திமதி யாருக்கு? தங்கை கல்யாணப் படங்களை 700 எம்பி தகடு ஒன்றில் ஏற்றிப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப நினைத்தவருக்கு. இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகத் திரையில் பார்க்கிறவருக்கு. சொலாரிஸ் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வங்கிகளுக்கும் தொலைபேசிக் கம்பெனிகளுக்கும் பெரிய சர்வர்களோடு சேர்த்து விற்ற இயங்குதளம். வீட்டுக் கணினியிலும் ஏற்றலாம்தான். ஆனால் பத்து ரூபாய்த் தகட்டை எழுதுவதற்காக வீட்டுக்காரரையே குடி பெயரச் சொல்வதற்கு ஒரு தனி மனத்துணிவு வேண்டும். அந்தத் துணிவு நிரலின் ஆசிரியருக்கு நிறைய இருந்தது.

குடிபெயரச் சொன்ன வீடு பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரியில் சன் கம்பெனியை ஆரக்கிள் விழுங்கியது. அதே ஆண்டு திறந்தமூல சொலாரிஸைக் கைகழுவியது. 2017-இல் சொலாரிஸ் குழுவில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. பேச்சைக் கேட்டு மூட்டை கட்டிப் போன அப்பாவி எவராவது இருந்தால், அவர் இப்போது நடுத்தெருவில் நிற்பார்.

கணினி உலகில் ஒத்துப்போகாத நிரல்கள் ஆயிரம் உண்டு. சிடி எழுதுவதில் மட்டும் ஏன் இத்தனை எரிச்சல்? காரணம் தகட்டின் உடம்பிலேயே இருக்கிறது. சிடி-ஆர் தகட்டில் ஒரு சாயப் படலம் பூசியிருப்பார்கள். லேசர் அதைச் சுட்டுச் சுட்டுத் தடம் பதிக்கும். சுட்டது சுட்டதுதான், அழிக்க முடியாது. தகடு சுழன்றுகொண்டே இருக்கும். தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். இடையில் கணினி ஒரு கணம் வேறு வேலையாகப் போய்விட்டால், டிரைவின் இடைத்தேக்கம் வற்றிவிடும். லேசருக்கு எழுத ஒன்றும் இருக்காது, தகடு செத்தது. 2000-ஆம் ஆண்டில் சான்யோ கம்பெனி, விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதும் நுட்பத்தைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சாவு குறைந்தது. அதற்கு முன், சிடி எழுதும் நேரத்தில் வீட்டில் யாரும் மவுஸைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்ட குடும்பத் தலைவர்கள் உண்டு. மற்ற நிரல்கள் தமக்குள் அடித்துக்கொண்டால் நமக்குக் கோபம்தான் மிஞ்சும். சிடி எழுதும் நிரலும் கர்னலும் அடித்துக்கொண்டால் பிணம் மிஞ்சும். வட்டமாக, பளபளவென்று, நடுவில் ஓட்டையோடு.

சிடிரெக்கார்டுக்கும் லினக்ஸுக்கும் சண்டை எதற்கு என்று பார்ப்போம். வீட்டுக் கணினியின் சிடி டிரைவ், விலை மலிவான ஐடிஇ கேபிளில் தொங்கியது. ஆனால் அது பேசிய மொழி ஸ்கஸி, அதாவது உயர்குல டிரைவ்கள் பேசிய கட்டளை மொழி. 2001-இல் வந்த லினக்ஸ் 2.4-இல், இந்தக் குலக்குழப்பத்தைத் தீர்க்க ஐடிஇ-ஸ்கஸி என்ற வேடம்தான் கைகொடுத்தது. கணினி எழும்பும்போதே, 'இந்த டிரைவை ஸ்கஸி என்று எண்ணிக்கொள்' என்று கர்னலின் காதில் ஓத வேண்டும். அந்த மந்திரத்தைப் பூட் கோப்பைத் திறந்து பயனரே எழுத வேண்டும். பிழையாக எழுதினால் சிடி வராது என்பதோடு போகாது. பல நேரம் கணினியே வராது. உலகமெங்கும் பாவப்பட்ட மக்கள் இதைக் கற்றார்கள், எழுதினார்கள், எழுதியதை மற்றவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 வந்தது. இனி வேடம் வேண்டாம், டிரைவை அதன் சொந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடலாம் என்றார்கள். நல்ல செய்தி. ஆனால் பழைய வேடத்தைக் கவனிப்பாரில்லை. அது அப்படியே மக்கியது. 2.4-இல் ஒழுங்காகப் பாடம் படித்துப் பூட் கோப்பைத் திருத்தி வைத்திருந்தவர்தான் 2.6-இல் முதலில் அடிபட்டார். ஒன்றும் படிக்காத சோம்பேறி தப்பித்தார். கற்றவனைத் தண்டிக்கும் பள்ளிக்கூடம் இது ஒன்றுதான்.

சிடிரெக்கார்டை எழுதிய யோர்க் ஷில்லிங் பெர்லின்காரர், ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டிரைவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு ஆகாது. 0,0,0 என்று மூன்று எண்களால்தான் கூப்பிட வேண்டும். சொலாரிஸ் உட்பட எல்லா இயங்குதளத்திலும் ஒரே முறையில் இயங்க அதுதான் வழி என்பது அவர் வாதம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கோ அந்த மூன்று எண்கள் சுத்த அபத்தம். கணினியில் இருக்கிற ஒரே ஒரு டிரைவை முகவரி எண் கொடுத்து எதற்காகத் தேட வேண்டும் என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் கேடு. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தவன் என்றைக்காவது இறங்கி வருவான். நியாயம் தன் பக்கம் என்று தெரிந்த மேதை இறங்கவே மாட்டான்.

ஆகவே நடந்தது இது. 2.6-இல் டிரைவின் பெயரைக் கொடுத்துச் சிடிரெக்கார்டை ஓடவிட்டால் தகடு ஒழுங்காக எழுதப்படும். எழுதிக்கொண்டே, 'பெயர் சொல்லித் திறப்பது திட்டமிடாத ஒன்று, இதற்கு ஆதரவு கிடையாது' என்று நிரல் முனகும். வேலை நடக்கிறது, ஆனால் நடக்கக்கூடாது! இந்த முனகலை எவனாவது நீக்கிவிட்டு வெளியிடுவானோ என்ற பயத்தில், எச்சரிக்கை வரிகளை எடுக்கக்கூடாது என்று மூலநிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்தார் ஷில்லிங். திறந்தமூல மென்பொருளில் எதையும் மாற்றலாம், ஆசிரியரின் கோபத்தைத் தவிர.

அவரை ஏளனம் செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் 1996 முதல் ஒரு மனிதர், சந்தைக்கு வந்த டிரைவ்களின் கோணல்களையெல்லாம் கண்டறிந்து நிரலில் சேர்த்துக்கொண்டே வந்தார். கே3பி, எக்ஸ்-சிடி-ரோஸ்ட் போன்ற அழகான வரைகலை நிரல்கள் எல்லாம் அவர் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருந்தன. பொத்தானை அழுத்தியவருக்குக் கீழே மூச்சு வாங்கிய ஆள் தெரியாது. 2021-இல் இறந்துபோனார். வித்தை பெரிது; வீம்பும் அதே அளவு. வித்தையை நமக்கு இலவசமாகத் தந்தார். வீம்புக்குத்தான் விலை வாங்கினார், தகடு தகடாக.

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? 2004 ஆகஸ்ட் 14 அன்று லினக்ஸ் 2.6.8 வெளியானது. கோப்புகளை வலையில் பகிரும் என்எஃப்எஸ் பகுதியில் ஒரு பிழை. அதே நாளில் 2.6.8.1 என்று ஒட்டுப் போட்டு மறுபடி வெளியிட்டார்கள். அந்த அவசரத்தை மன்னிக்கலாம். உள்ளே இருந்த வேறொன்றுதான் மன்னிக்க முடியாதது. டிரைவைப் படிக்க அனுமதி உள்ள எந்தப் பயனரும் அதற்கு எந்த ஸ்கஸி கட்டளையையும் அனுப்பலாம், டிரைவின் உள்நிரலையே அழிக்கும் கட்டளை உட்பட, என்று ஓர் ஓட்டை தெரியவந்திருந்தது. அடைக்க வேண்டிய ஓட்டைதான். அடைத்த விதம் இப்படி: ஆபத்தில்லாத கட்டளைகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள்; பட்டியலில் இல்லாததைக் கர்னல் மறுத்துவிடும். சிடி எழுதும் நிரல்கள் எந்தெந்தக் கட்டளைகளை அனுப்புகின்றன என்று அந்த நிரல்காரர்களைக் கேட்டுவிட்டுப் பட்டியல் போட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று காலை 'அனுமதி இல்லை' என்றது. சிடிரெக்கார்டுக்கு ரூட் உரிமை, அதாவது கணினியின் முழு அதிகாரம், கொடுத்து வைத்திருந்தவர்களுக்கும் இதே கதி. அது டிரைவைத் திறந்துவிட்டு, பாதுகாப்புக் கருதிக் கண்ணியமாக ரூட் உரிமையைக் கைவிடும். கைவிட்ட பிறகு அனுப்பிய கட்டளைகளைக் கர்னல் நிராகரிக்கும். கண்ணியமாக நடந்த நிரலுக்குக் கிடைத்த பரிசு.

தீர்வு என்ன சொன்னார்கள் தெரியுமா? ரூட்டாக நுழைந்து ஓட்டுங்கள். படமும் பொத்தானும் பல்லாயிரம் வரி நிரலுமாக இருக்கும் கே3பி முழுவதையும், கணினியின் சர்வ அதிகாரத்தோடு. பாதுகாப்பை முன்னிட்டுச் சாதாரணப் பயனரைத் தடுத்தார்கள். அவர் வேலை ஆக வேண்டுமே என்று சர்வாதிகாரியாக நுழைந்தார். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

அதே 2.6.8-இல் இன்னொரு விருந்தும் இருந்தது. பாட்டு சிடி எழுதினால், எழுத எழுத நினைவகத்தை எடுத்துக்கொண்ட கர்னல் திருப்பித் தரவில்லை. தகடு முடியும்போது கணினி மூச்சுத் திணறும். தரவுத் தகடு எழுதினால் தொல்லையில்லை, பாட்டு எழுதினால்தான். கர்னலுக்குச் சங்கீதம் ஆகாது போல.

பயனர் நிரல்களை உடைக்கவே கூடாது என்பது கர்னலின் முதல் கட்டளை என்று டோர்வால்ட்ஸ் பிற்காலத்தில் இடிமுழக்கம் செய்ததுண்டு. உடைத்தவரை வாயை மூடச் சொல்லித் திட்டிய அந்த 2012 வசவு உலகப் பிரசித்தம். பொன்னான கட்டளை. 2004 ஆகஸ்டில் அது விடுப்பில் போயிருந்தது.

டிரைவை நிரலால் கொல்ல முடியுமா, வீண் பயம்தானே என்று கேட்பவர்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டுச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 2003 அக்டோபரில் பிரான்சின் மாண்ட்ரேக்சாஃப்ட் கம்பெனி மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2-ஐ வெளியிட்டது. நிறுவியவர்களில் எல்ஜியின் சில சிடி-ராம் டிரைவ்களை வைத்திருந்தவர்களுக்கு டிரைவ் செத்தது. கெட்டுப்போகவில்லை, செத்தது: மறுபடி எந்தக் கணினியில் மாட்டினாலும் அசைவில்லை. மாண்ட்ரேக்கின் கர்னலில் தகடு எழுதுவதற்கான ஒட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அது டிரைவிடம், 'இடைத்தேக்கத்தில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு' என்று வழக்கமான கட்டளையை அனுப்பியது. படிக்க மட்டுமே தெரிந்த டிரைவில் கொட்ட ஒன்றுமில்லை; எனக்கு இந்தக் கட்டளை தெரியாது என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். எல்ஜி பொறியாளர்களோ, இது எப்படியும் நம் டிரைவுக்கு வராத கட்டளைதானே என்று, அதே எண்ணை உள்நிரலைப் புதுப்பிக்கும் கட்டளையாக எடுத்துப் புழங்கியிருந்தார்கள். 'மிச்சத்தைக் கொட்டு' என்றது கர்னல். டிரைவ் தன் மூளையைக் கொட்டியது.

குற்றவாளி யார்? படிக்கும் டிரைவிடம் எழுதும் டிரைவிடம் பேசுவது போலப் பேசிய கர்னலா? பொது நியமத்தில் இன்னொன்றுக்கென ஒதுக்கிய எண்ணைத் திருடித் தற்கொலைக் கட்டளையாக மாற்றிய கம்பெனியா? என்னைக் கேட்டால் கம்பெனிதான். நியமம் என்று ஒன்று எழுதி வைப்பதே, யாரும் நினைத்தபடி எண்ணை மாற்றக்கூடாது என்பதற்காகத்தான். எல்ஜி பிறகு மாற்று உள்நிரல் வெளியிட்டது. விசாரணையெல்லாம் ஓய்ந்தபின் பார்த்தால், செத்த டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் ஒருவரே. அவர் செய்த குற்றம், இலவசமாகக் கிடைத்த இயங்குதளம் ஒன்றைத் தன் சொந்தக் கணினியில் நிறுவியது.

2006-இல் சண்டை உரிமத்துக்கு மாறியது. ஷில்லிங் தன் மென்பொருளைக் கட்டும் பகுதிகளைச் சன் கம்பெனியின் சிடிடிஎல் உரிமத்துக்கு மாற்றினார். ஜிபிஎல் உரிம நிரலோடு அது சேராது என்றது லினக்ஸ் தொகுப்பான டெபியன். சேரும் என்றார் அவர். சேராது என்றார்கள் இவர்கள். சட்டப் படிப்பு ஒருநாளும் படிக்காத நிரலாளர்கள் இருதரப்பிலும் நின்று சட்டம் பேசினார்கள். கடைசியில் டெபியன்காரர்கள் பழைய நிரலைப் பிரித்தெடுத்துச் சிடிஆர்கிட் என்று தனிக்குடித்தனம் போனார்கள். சிடிரெக்கார்டின் இடத்தில் வோடிம் வந்து உட்கார்ந்தது. பழக்கத்தில் 'சிடிரெக்கார்ட்' என்றே தட்டச்சு செய்பவருக்காகப் பழைய பெயரில் ஓர் இணைப்பையும் வைத்தார்கள்: கூப்பிட்டது ஒருவரை, வந்து நின்றது வேறொருவர். பிழை வந்தால் பயனர் ஷில்லிங்கிடம் புகார் செய்வார். அது என் நிரலே இல்லை என்று ஷில்லிங் எரிந்து விழுவார். நியாயமான எரிச்சல்தான்.

தனிக்குடித்தனம் எத்தனை நாள்? சிடிஆர்கிட்டின் கடைசி வெளியீடு 2010-இல். அதோடு சரி. டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் தடுமாறிய அந்த நிரல், கவனிக்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் தொகுப்பில் கிடந்தது. கொள்கைக்காகப் பிரிந்தவர்கள் கொள்கையைக் காப்பாற்றினார்கள். நிரலைக் காப்பாற்றுவது யார் வேலை என்று மட்டும் முடிவாகவில்லை. இந்தக் கூச்சல் எதிலும் கலக்காமல் லிப்பர்ன், சோரிசோ என்ற வேறு தகடெழுதும் நிரல்களைப் பொறுமையாகப் பராமரித்த தாமஸ் ஷ்மிட் போன்றவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் கூச்சலிடவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

லினக்ஸ்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள், நமக்கென்ன, நாம் காசு கொடுத்து, அல்லது கொடுக்காமல், விண்டோஸ் வைத்திருக்கிறோம் என்று சிரிக்கும் பெரும்பான்மைச் சமூகத்துக்கு ஒரு சொல். விண்டோஸ் எக்ஸ்பியை விஸ்டாவாக உயர்த்திய மறுநாள் உங்கள் சிடி டிரைவ் 'கம்ப்யூட்டர்' பட்டியலிலிருந்து காணாமல் போனது நினைவிருக்கிறதா? மஞ்சள் ஆச்சரியக்குறி? ஒவ்வொரு சிடி எழுதும் நிரலும் தன் வசதிக்கு ஒரு வடிகட்டி டிரைவரைக் கர்னலுக்குள் செருகிவிட்டு, ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரிகளில் தன் பெயரை எழுதி வைக்கும். நிரலை நீக்கினாலும் பெயர் நீங்காது. அடுத்த விண்டோஸ் வந்து, அந்தப் பெயரில் ஆளைத் தேடிக் காணாமல், 'டிரைவே இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிடும். அந்த இரண்டு வரிகளை அழியுங்கள் என்று மைக்ரோசாஃப்டே வழி சொன்னது. அழித்தால் டிரைவ் வரும், சிடி எழுதும் நிரல் ஓடாது. நிரலை மறுபடி நிறுவினால் ஓடும், வரிகள் திரும்ப வரும். தெருமுனை கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகள் பல ஆண்டு இந்த வட்டத்தில் பிழைத்தன. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த இரண்டு வரியின் பெயரை மனப்பாடமாகச் சொன்ன பையன்கள்தான் உண்மையான தொழில்நுட்ப ஆதரவு மையம்.

இதுவரை சொன்னதெல்லாம் வீம்பும் அலட்சியமும். இனி வருவது அயோக்கியத்தனம்.

சோனி பிஎம்ஜி 2005-இல் சில இசைத்தகடுகளை விற்றது. காசு கொடுத்து வாங்கி விண்டோஸ் கணினியில் போட்டால், எக்ஸ்சிபி என்ற நிரல் கர்னல்வரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எழுதியது ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. நோக்கம், தகட்டை மூன்று முறைக்கு மேல் நகலெடுக்க விடாமல் தடுப்பது. அது தன்னை மறைத்துக்கொண்ட விதம் கணினி வைரஸ்களின் விதம்: குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பும் விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது. இப்படி ஒளிந்துகொள்ளும் நிரலை ரூட்கிட் என்பார்கள். அந்த மறைவிடத்தைப் பிற வைரஸ்களும் விரைவில் வாடகையின்றிப் பயன்படுத்திக்கொண்டன. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று இதை அம்பலப்படுத்தினார். அவர் கையால் அதைப் பிடுங்கியபோது சிடி டிரைவும் கூடவே கணினியிலிருந்து மறைந்தது. வாங்கியவர் வீட்டில் பூட்டைப் போட்டுவிட்டு, பூட்டை உடைத்தால் கதவும் விழும்படி கட்டியிருந்தார்கள்.

ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, பிறகு அதைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்கப் பொது வானொலியில் கேட்டார் சோனி பிஎம்ஜியின் தாமஸ் ஹெஸ்ஸே. மேலே சொன்ன மேதைகள் எல்லாரும் தம் நடத்தையால் சொன்னதை இவர் ஒருவர்தான் வாய்விட்டுச் சொன்னார். உனக்குப் புரியாது, புரியாததால் உனக்கு வலிக்கவும் கூடாது. பதிப்புரிமையைக் காக்கப் புறப்பட்ட அந்த நிரலுக்குள்ளேயே, எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்த பிறர் நிரலின் துண்டுகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள் என்பது சபையில் சொல்லத்தக்க நகைச்சுவை. தகடுகளைத் திரும்பப் பெற்றார்கள். 2007 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், பாதிப்பு நேர்ந்தவருக்கு 150 டாலர்வரை சோனி தரவேண்டும் என்று உடன்பாடு செய்தது. அமெரிக்காவில் வாங்கியவருக்கு.

இன்னொரு பூட்டு சேஃப்டிஸ்க். விளையாட்டுத் தகடுகள் அசல்தானா என்று பார்க்கும் அதன் டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்தே தந்தது. 2007-இல் அந்த டிரைவரிலேயே பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. 2015-இல் விண்டோஸ் 10 அதைத் தூக்கி எறிந்தது. எறிந்தது சரி. விளைவு, கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் தகடுகள் ஓடவில்லை. பூட்டை உடைத்த திருட்டு நகல்கள் ஓடின. நேர்மையாக வாங்கியவர்கள் தங்கள் அலமாரியில் இருந்த தகட்டை ஓட்டத் திருடர்களிடம் போய் நின்றார்கள்.

இத்தனை ஆண்டுகளில் தகடு கெட்டுப்போனவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளைக் கூட்டிப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். வேறு கம்பெனித் தகடு வாங்குங்கள். உள்நிரலைப் புதுப்பியுங்கள், ஆனால் தவறினால் டிரைவ் போய்விடும், பொறுப்பு உங்களுடையது. கர்னலை மாற்றுங்கள். பழைய கர்னலுக்கே திரும்புங்கள். ரூட்டாக வாருங்கள். தகடு வந்திருக்கிறதா என்று சில நொடிக்கொருமுறை டிரைவைத் தட்டித் தட்டிக் கேட்டு, எழுதும் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்த பின்னணி நிரலை நிறுத்துங்கள். அதை அங்கே வைத்தது நாங்கள்தான், இருந்தாலும் நிறுத்த வேண்டியது நீங்கள். ஒரே ஓர் அறிவுரைகூட அதைச் சொல்பவரை நோக்கித் திரும்பவில்லை. ஊரெல்லாம் தோட்டத்தில் காக்கை விரட்டக் கட்டித் தொங்கவிட்ட தகடுகளை நான் பார்க்கும்போது, இதில் எத்தனை 2.6.8-இன் உபயம் என்று எண்ணிக்கொள்வதுண்டு.

அது பழங்கதை, இன்று யார் சிடி எழுதுகிறார்கள் என்பீர்கள். நீதிமன்றங்களைக் கேளுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவு, செல்பேசி உரையாடல் என்று சாட்சியங்கள் பல ஆண்டுகளாகச் சிடியில் எழுதித்தான் நம் வழக்குகளுக்குள் போகின்றன. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்ததும் சிடிகள்தான். கேரளத்தின் 2011 தேர்தலில் ஒலித்த பாட்டும் பேச்சும் அறிவிப்பும் அடங்கியவை. சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் கூடவே இல்லாததால் அவற்றை ஏற்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது, சான்றிதழ் தொடர்கிறது.

அந்தச் சான்றிதழில், அந்தக் காலத்தில் கணினி சரியாக இயங்கியது என்று உறுதி கூற வேண்டும்.

கர்னல் எழுதியவர் எந்த உறுதியும் தரவில்லை. ஜிபிஎல் உரிமம் பெரிய எழுத்தில் சொல்கிறது, உத்தரவாதம் கிடையாது. சிடி எழுதும் நிரலும் அதே உரிமத்தில்தான் பிறந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் ஒப்பந்தத்தில் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பொறுப்பு, நாம் கொடுத்த விலை அல்லது 5 டாலர், இரண்டில் எது கூடுதலோ அதுவரை. டிரைவ் கம்பெனியின் உத்தரவாதம் பில்லைத் தொலைக்கும்வரை. இத்தனை பேரும் கையை உதறிவிட்டுப் போன வரிசையின் கடைசியில், ஸ்டூடியோ வைத்திருப்பவரோ கடை சிசிடிவியை இறக்கிக் கொடுத்தவரோ வந்து நிற்கிறார். கணினி சரியாகத்தான் இயங்கியது என்று சட்டத்தின் முன் கையெழுத்துப் போடுகிறார். கருவியின் கம்பெனி, மாடல், வரிசை எண், ஹாஷ் மதிப்பு என்று படிவம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. நிரப்பத் தெரியவில்லை என்றால் வக்கீல் குமாஸ்தா நிரப்பிக் கொடுப்பார், அதற்குத் தனிக் கட்டணம்.